பக்கத்தில் படுப்பவர்

கோட்டுப் பை இருக்கட்டும்மா, அத அப்புறம் காலி பண்ணிக்கலாம். ஒண்ணும் இல்ல, காகிதம்தான், ஊசிய ஒடைக்காது. நீங்க மொதல்ல தோள்பட்டையப் பாருங்க, ரெண்டு பக்கமும் எப்படித் தொங்குதுன்னு. யாரோ பெரிய உடம்பு ஆம்பளைக்குத் தைச்ச கோட்டு. என் தலைல கட்டிட்டாங்க. பதினோரு வருஷமா இதுக்குள்ள நான் இருக்கேனா, இல்ல இது என் மேல காயுதான்னு எனக்கே தெரியல.

ஆமா, இன்னிக்கே வேணும். நாளைக்குக் கடை இல்லன்னு வாசல்ல அட்டை தொங்குதே, பாத்துட்டுத்தான் உள்ள வந்தேன். எனக்கும் நாளைக்குக் காலைல பத்து மணிக்குத்தான் வேணும். பரவால்ல, உக்காந்து வாங்கிட்டே போறேன். மத்தியானத்துக்கு மேல லீவு போட்டுட்டேன். இந்த ஸ்டூல இழுத்துக்கவா? அப்பாடா. முட்டி ரெண்டும் என் பேச்சக் கேக்கறத நிறுத்தி ரொம்ப நாளாச்சு.

என்ன வேலையா? நர்ஸு. எந்த ஆஸ்பத்திரின்னு அடுத்து கேப்பீங்க. ஜெயில் ஆஸ்பத்திரி.

பாருங்க, மெஷின் நின்னுருச்சு. எங்க போய்ச் சொன்னாலும் இதே கதைதான். பல் டாக்டர்கிட்ட சொன்னேன், அவரு கைல இருந்த ஊசியக் கீழ வச்சுட்டாரு. நான் உள்ள இருந்து தப்பிச்சு வந்தவ இல்லம்மா, சாயங்காலம் அஞ்சு மணியானா அவங்களே வெளிய விட்டுருவாங்க. தைங்க, தைங்க. மெஷின் ஓடுனாத்தான் எனக்குப் பேச வரும். 

நாளைக்கு அங்க விசாரணை. உள்ள ஒருத்தர் செத்துப் போனாரு. ஜட்ஜு வந்து உக்காந்து ஒவ்வொருத்தராக் கூப்ட்டுக் கேக்கப் போறாரு. நேத்து சூப்பிரண்டு எங்க எல்லாரையும் வரிசையா நிறுத்தி, விசாரணைக்கு யாரும் அழுக்குத் துணில வரக் கூடாது, கசங்கக் கூடாது, தொளதொளன்னு தொங்கக் கூடாதுன்னாரு. என்னப் பாத்துத்தான் கடைசி வார்த்தையச் சொன்னாரு. போன உசுரப் பத்தி ஒரு பேச்சு இல்ல. துணி தொங்கக் கூடாதாம்.

அப்புறம் என்னத் தனியாக் கூப்ட்டு ஒரு தாள நீட்டுனாரு. டைப் அடிச்சு ரெடியா இருக்கு. இறந்து போன மேற்படி கைதியிடமிருந்து உடல்நலம் சம்பந்தமாக எந்தப் புகாரும் வரவில்லை. அவ்வளவுதான், ரெண்டு வரி. நாளைக்கு ஜட்ஜு முன்னாடி நான் அதுல கையெழுத்துப் போடணும். போட்டுட்டா இன்னும் ஒன்றரை வருஷம் ஓட்டிட்டு பென்ஷன் வாங்கிட்டுப் போகலாம். வீட்டுக்காரரு அதத்தான் சொல்றாரு. செத்தவன் எந்திரிச்சா வரப் போறான், கையெழுத்தப் போட்டுட்டு வாடின்னு. அவரு பஸ் டிப்போல மெக்கானிக்கா இருந்தவரு. பிரேக்கு போன வண்டிய ஓடும்னு கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னப்ப நீங்க போட்டீங்களான்னு கேட்டேன். பேப்பர எடுத்து மூஞ்சிய மறைச்சுக்கிட்டாரு.

இல்லம்மா, அந்தத் தாளு பொய் இல்ல. அதுதான் கொடுமையே. பொய்யா இருந்தா நான் இப்படி வந்து உங்க ஸ்டூல்ல உக்காந்திருக்க மாட்டேன், அங்கயே மூஞ்சில எறிஞ்சிருப்பேன். அவரோட ஃபைல எடுத்துப் பாத்தா நெசமாவே ஒரு காகிதம் கிடையாது. தொடச்சு வச்ச மாதிரி இருக்கு. அது எப்படி அப்படி ஆச்சுன்னு சொல்லணும்னா எங்க ஆஸ்பத்திரி லட்சணத்தச் சொல்லணும். போரடிச்சா சொல்லுங்க.

பேருதான் ஆஸ்பத்திரி. ரெண்டு ரூம்பு, பன்னெண்டு கட்டில். அதுல ஆறு கட்டில் வெளில செல்வாக்கா இருந்த ஆளுங்களுக்கு. அவங்களுக்கு ஒரு நோயும் இல்ல, ஃபேன் காத்துதான் வேணும். மிச்சம் ஆறு கட்டில், ஆயிரத்து நானூறு பேருக்கு. பிரஷர் பாக்கற மெஷின் ஒண்ணு, அதுவும் கைல சுத்துனா ஒட்டாது. பேண்டேஜ் துணியால கட்டித்தான் பாப்பேன். எங்க வீட்ல அவருக்கு தெனமும் காலைல நல்ல மெஷின்ல பாக்கறேன். வீட்ல ஒரு மெக்கானிக்குக்கு இருக்கறது, ஒரு ஜெயிலுக்கே இல்ல.

மருந்து அலமாரி இருக்கு. சாவி எங்கிட்ட இல்ல. எப்பவோ தூக்க மாத்திரை நாலு காணாமப் போச்சுன்னு சாவிய ஜெயிலர் வாங்கி இடுப்புல சொருகிக்கிட்டாரு. அவரு ஒரு மணிக்கு சாப்பிடப் போனா மூணு மணிக்குத்தான் வருவாரு. நெஞ்சு வலின்னு ஒருத்தன் ரெண்டு மணிக்கு வந்து நின்னா நான் என்ன சொல்ல? கொஞ்சம் பொறுத்து வலிக்கச் சொல்லுடான்னா? பூட்டின கண்ணாடி வழியா மாத்திரையப் பாத்துட்டே அவன் முதுகத் தடவிக் குடுப்பேன். நான் படிச்ச படிப்பு அதுக்கு உதவுச்சு.

டாக்டர் இருக்காரு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஒம்பது மணிக்கு வருவாரு, பத்தரைக்குப் போயிருவாரு. மனநோய்க்கு டாக்டர் ஒருத்தரு, அவரு ஆடிக்கு ஒரு தரம் அமாவாசைக்கு ஒரு தரம். மாசத்துக்கு ஒரு நாள் ரெண்டு மணி நேரம், தொண்ணூறு பேரு வரிசைல. தூக்கம் வருதா? வருது. பசிக்குதா? பசிக்குது. அடுத்த ஆளு. ஒருத்தன், இல்ல டாக்டர், எனக்குச் செத்துரணும்னு தோணுதுன்னான். அதுக்கு அடுத்த மாசம் விவரமாப் பேசலாம்ப்பான்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். அவரக் குத்தம் சொல்லியும் பிரயோசனம் இல்ல. பின்னாடி இன்னும் அறுபது பேரு நிக்கறாங்க.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாமேன்னு கேக்கறீங்க. அனுப்பலாம். அதுக்கு வண்டி வேணும், துணைக்கு ரெண்டு போலீஸு வேணும். லெட்டர் எழுதணும், பதில் வரணும். யாராவது பெரிய மனுஷன் ஊருக்குள்ள வர்றாருன்னா போலீஸெல்லாம் அங்க போயிரும், நம்ம நோயாளி இங்க உக்காந்திருப்பான். வயித்துல கட்டி இருந்த ஒரு பெரியவருக்கு எட்டு லெட்டர் எழுதுனேன். ஒம்பதாவது தடவ வண்டி வந்து வாசல்ல நின்னு ஹாரன் அடிக்குது. பெரியவரு முந்தின நாளே போய்ச் சேந்துட்டாரு. டிரைவரு எங்கிட்ட சண்டைக்கு வர்றாரு, ஏம்மா மொதல்லயே சொல்லக் கூடாதா, டீசல் தண்டம்னு.

கத்தரியக் கீழ வச்சுட்டுப் பேசுங்க, வெட்டு கோணலாப் போகுது. வெயில்ல நின்னீங்களா? தண்ணி குடிங்க. நான் பொறுமையாச் சொல்றேன்.

சீட்டுப் பெட்டின்னு ஒண்ணு இருக்கும்மா. ஒவ்வொரு பிளாக்லயும் சுவத்துல தகரப் பெட்டி அடிச்சிருப்பாங்க. உடம்பு சரியில்லாதவன் ஒரு சீட்டு எழுதி அதுல போடணும். மேல அவனோட நம்பர், கீழ என்ன தொந்தரவுன்னு. காலைல வார்டர் அள்ளிட்டு வந்து என் மேஜைல கொட்டுவாரு. அறுபது எழுபது வரும். நான் பிரிப்பேன். டாக்டர் பாக்க வேண்டியது தனி, மாத்திரை போதும்ங்கறது தனி. மூணாவதா ஒரு கட்டு. அதுல சிவப்பு பேனால ஒரே வார்த்தை எழுதி வைப்பேன். நடிப்பு. அப்புறம் எல்லாத்தையும் நம்பர் பாத்து அவனவன் ஃபைல்ல சொருகிரணும்.

சிரிக்காதீங்க, நடிக்கறவன் நெசமாவே நடிப்பான். சோப்பத் தின்னுட்டு வாய்ல நுரை தள்ளி வலிப்பு வந்துருச்சும்பான். கிட்டப் போனா வலிப்பு வாசனை இல்ல, குளிச்ச வாசனை வரும். ஒருத்தன் தெர்மாமீட்டர டீ டம்ளர்ல முக்கிட்டான். எடுத்துப் பாக்கறேன், கம்பி முழுக்க ஏறி முட்டிட்டு நிக்குது. டேய், இந்தக் கணக்குக்கு நீ நேத்தே செத்திருக்கணும்டான்னேன். அதான் சிஸ்டர் உங்களப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேங்கறான். அன்னிக்கு முழுக்கச் சிரிச்சேன். அவன் கேட்டதெல்லாம் ஆஸ்பத்திரிக் கட்டில்ல ஒரு நாள் காலு நீட்டிப் படுக்கணும்னுதான். பிளாக்ல காலு நீட்ட இடம் கிடையாது, ஒருத்தன் கால் மாட்டுல இன்னொருத்தன் தலை.

இப்படி நூறு பேரு ஏமாத்துனா என்ன ஆகும் சொல்லுங்க. நூத்தி ஒண்ணாவது ஆள நம்ப மாட்டீங்க. நம்பாம இருக்கறதுதான் எனக்கு வேலைன்னே ஆயிருச்சு. சீட்ட எடுத்ததும் கை சிவப்பு பேனாவத்தான் தேடும். இருபத்தி ரெண்டு வயசுல நான் நர்ஸானப்ப இப்படி இல்ல. ஒருத்தர் இருமுனாக்கூட ஓடுவேன்.

சரி, இப்ப வாத்தியாரப் பத்திச் சொல்லணும். உள்ள எல்லாரும் அவர வாத்தியாருன்னுதான் கூப்டுவாங்க, நெசமாவே கணக்கு வாத்தியாரு. மனசு சரியில்லாமப் போயிருச்சு. காதுல யாரோ பேசறாங்கம்பாரு. அந்தக் குரலு சொல்லுச்சுன்னு பள்ளிக்கூடத்துல பழைய பரீட்சைத் தாளு அடுக்கி வச்சிருந்த ரூம்புக்குத் தீ வச்சுட்டாரு. ஒருத்தருக்கும் காயம் இல்ல, காகிதம் எரிஞ்சுது, அவ்வளவுதான். அவரு இருக்க வேண்டிய எடம் ஜெயிலே இல்ல. மனநல ஆஸ்பத்திரிக்கு மாத்தச் சொல்லி நானே அஞ்சு லெட்டர் எழுதிப் போட்டேன். அஞ்சுக்கும் ஒரே பதிலு, இடம் இல்லை. ஜெயில்ல மட்டும்தான் இடம் இல்லைன்னு எவனையும் திருப்பி அனுப்ப மாட்டாங்க.

அவருக்கு மாத்திரை நான்தான் குடுப்பேன். வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க, முழுங்கிட்டீங்களா, போங்க. மாத்திரை போட்டா நல்லாத்தான் இருப்பாரு. நன்றி சிஸ்டர்னு சொல்ற ஒரே ஆளு அவருதான்.

ஒரு நாள் அவருகிட்டேருந்து ஒரு சீட்டு வந்துச்சு. மேல அவரு நம்பரு. கீழ முத்து முத்தா எழுத்து. ஐயா, என் பக்கத்தில் படுப்பவர் மூன்று நாட்களாகப் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே தூங்குகிறார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்கிறார். தயவு செய்து பார்க்கவும்.

நான் என்ன பண்ணேன்? நம்பரப் பாத்து வாத்தியாரக் கூப்ட்டு டாக்டர் முன்னாடி நிறுத்துனேன். டாக்டர் அவரு நெஞ்சுல வச்சுப் பாத்துட்டு, மூச்சு நல்லாத்தான் இருக்குன்னாரு. எனக்கில்லைங்க, பக்கத்துல படுக்கறவருக்குன்னாரு வாத்தியாரு. அப்ப அவன எழுதச் சொல்லு, உன் சீட்டுல உன் நோயத்தான் எழுதணும்னுட்டாரு டாக்டர். அவருக்கு எழுத வராதுங்க, கையெழுத்து மட்டும்தான் தெரியும்னு இவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள அடுத்த ஆள உள்ள விட்டுட்டாங்க. விட்டது யாருங்கறீங்க? நான்தான். மணி பத்தேகால்.

சீட்டு வாத்தியாரு ஃபைலுக்குப் போச்சு.

மறுநாள் ஒண்ணு. அவர் கால் வீங்கியிருக்கிறது, விரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அதுக்கு மறுநாள் ஒண்ணு. கழிப்பறை வரை நடக்க மூன்று இடத்தில் நின்றார், உதடு நீலமாக இருக்கிறது. ஏம்மா, பரீட்சைக்குப் படிக்கற பிள்ளைகிட்டக் குடுத்தாக்கூட, இது இதயம் பழுதான ஆளு, உடனே கொண்டு போங்கன்னு சொல்லும். மனசு சரியில்லாதவருன்னு நாங்க முத்திரை குத்துன மனுஷன், டாக்டர விட நல்லா நோயப் பாத்து எழுதிருக்காரு.

எங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுதுன்னா, வாத்தியாருக்கு நோய் முத்திருச்சு. முன்னாடி காதுலதான் கேட்டுச்சு, இப்பக் கண்ணுலயும் தெரியுது. பக்கத்துல யாரோ மூச்சுத் திணறறாங்கன்னு கற்பனை பண்றாரு. மாசாந்திர டாக்டர் வந்தப்ப சீட்டெல்லாம் காட்டுனோம். அவரு ரெண்டு சீட்டு படிச்சாரு, மாத்திரைய ரெட்டிப்பாக்கச் சொல்லிட்டாரு. நீங்களே சொல்லுங்க, அந்தப் பிளாக்கு எங்க மேஜைலேருந்து எம்பது அடி. எந்திரிச்சுப் போய் அவருக்குப் பக்கத்துல யாரு படுக்கறாங்கன்னு ஒரு எட்டுப் பாத்திருக்கலாம். ஒருத்தரும் போகல. நோயாளிதான் எங்ககிட்ட வரணும், நாங்க போகக் கூடாதுன்னு சட்டம் ஒண்ணும் கிடையாது. பழக்கம்.

ரெட்டிப்பு மாத்திரைய என் கையாலதான் குடுத்தேன். வாயத் தொறங்க, நாக்கத் தூக்குங்க. தொறந்தாரு, தூக்குனாரு. முழுங்கிட்டு, சிஸ்டர், அவரப் பாத்தீங்களான்னாரு. பாக்கறோம் போங்கன்னேன்.

அதுக்கப்புறம் வந்த சீட்டுல எழுத்தே மாறிருச்சு. முத்து முத்தா இருந்தது கோணலாச்சு. அரை தூக்கத்துல எழுதிருக்காரு பாவம். அஞ்சு வரி மூணு வரியாச்சு, மூணு ஒண்ணாச்சு. ஒரு சீட்டுல பார்க்கவும்னு ஒரே ஒரு வார்த்தை. மொத்தம் பத்தொன்பது. பத்தொன்பது நாள்ல பத்தொன்பது.

கடைசில ஒரு நாள் காலைல வார்டரு ஆள் எண்ண வந்தாரு. வாத்தியாருக்குப் பக்கத்துல படுக்கறவரு சுவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு. எந்திரிச்சு உக்காந்திருக்கான்னு எண்ணிட்டுப் போயிட்டாரு. எண்ணிக்கை சரியா இருந்துச்சும்மா. காலைல ஒரு தடவ எண்ணுனாங்க, சரி. டீ குடுக்கறப்ப எண்ணுனாங்க, சரி. டீய நீட்டுனவன் தோளத் தொட்டப்பதான் சரிஞ்சாரு. பக்கத்துல வாத்தியாரு அசந்து தூங்கிட்டிருந்தாரு. கதவத் தட்டி ஊரக் கூட்ட வேண்டிய ஒரே ஆள நான்தான் மாத்திரை குடுத்துத் தூங்க வச்சிருந்தேன்.

நான் ஓடுனேன். முட்டி வலியெல்லாம் பாக்காம ஓடுனேன். தும்ப விட்டுட்டு வாலப் பிடிக்க ஓடுனேன்.

இப்பப் புரியுதா, ஃபைலு எப்படிக் காலியாச்சுன்னு? பத்தொன்பது சீட்டும் எழுதுனவரு ஃபைல்ல இருக்கு. செத்தவரு ஃபைல்ல ஒண்ணும் இல்ல. நாளைக்கு ஜட்ஜு செத்தவரு ஃபைலத்தான் கேப்பாரு. புகார் வரலை, கையெழுத்து, முத்திரை, கேஸு முடிஞ்சுது. முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கறதும்பாங்க. இங்க மறைக்கக்கூட வேண்டாம், பக்கத்து இலைல வச்சுட்டாப் போதும்.

வாத்தியாரு சாட்சி சொல்ல மாட்டாரான்னா, லிஸ்டுலயே அவரு இல்ல. பைத்தியம் சொல்றதெல்லாம் சாட்சியாம்மான்னு சூப்பிரண்டு எங்கிட்டயே கேட்டாரு. வாத்தியாரு இப்ப யாருகிட்டயும் பேசறதில்ல. மூணாம் நாளு மாத்திரை வாங்க வந்தப்ப மட்டும் ஒண்ணு கேட்டாரு. என் கையெழுத்து புரியலையா சிஸ்டர்னு. ரெண்டு கையையும் விரிச்சுப் பாத்துட்டு நிக்கறாரு. முப்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் போர்டுல எழுதிப் போட்ட மனுஷன், தன் எழுத்துலதான் தப்புன்னு நெனச்சுட்டாரு. நான், வாயத் தொறங்கன்னேன்.

தெரியும்மா. உங்களுக்கு எப்பவோ தெரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரியும். மெஷின் மூணு தடவ நின்னுச்சே. எனக்கும் இந்தக் கடை வழில போறப்ப கண்ணுல பட்டதில்ல. செத்தவரு ஜெயிலுக்கு வந்தப்ப எழுதுன அட்டைல, பாக்க வர்றவங்கங்கற எடத்துல, அக்கா, தையல் கடைன்னு போட்டிருந்துச்சு. விலாசத்த எழுதிட்டு வந்தேன். நாளைக்கு எதுக்குக் கடை இல்லைன்னும் தெரியும். நீங்களும் நானும் ஒரே வாசலுக்குத்தான் போறோம், ஒரே பத்து மணிக்கு.

எந்திரிக்காதீங்க. அடிக்கறதா இருந்தாலும் அடிங்க, வாங்கிக்கறேன். ஆனா ஒரு நிமிஷம் கேட்டுட்டு அடிங்க.

பிணவறை வாசல்ல உங்களப் பாத்தேன். நான் அந்தத் தூணுக்குப் பின்னாடி, இந்தக் கோட்டோடத்தான் நின்னேன். நீங்க உங்க தம்பி மூஞ்சியப் பிடிச்சுட்டு, ஏண்டா, ஒரு வார்த்த சொல்லலையேடா, வாரா வாரம் வந்தேனே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நல்லாருக்கேன் நல்லாருக்கேன்னியேடா, யாருகிட்டயும் வாயத் தொறக்கலையேடான்னு அழுதீங்க. அவரத் திட்டுனீங்க. அப்புறம் உங்களையே அடிச்சுக்கிட்டீங்க. அது எனக்குத் தாங்கலம்மா. நாப்பது நாளா சோறு எறங்கல. இந்தத் தாள்ல நான் கையெழுத்துப் போட்டா, நீங்க சாகற வரைக்கும் அதத்தான் நெனப்பீங்க. அவரு வாயத் தொறக்கலைன்னு.

அவரு தொறந்தாரும்மா. எழுதத் தெரியல, எழுதத் தெரிஞ்சவர்கிட்ட சொன்னாரு. அக்காவுக்கு மட்டும் சொல்லிராதீங்க, ஆயிரம் கஷ்டத்துல இருக்கான்னும் சொன்னாராம். அதுவும் ஒரு சீட்டுல இருக்கு. ஏழோ எட்டோ, நீங்களே பாருங்க.

பாக்கலாம், அதுக்குத்தான் கொண்டு வந்தேன். அந்தப் பையத்தான் சொல்றேன். மொதல்ல காலி பண்ணச் சொன்னீங்களே, அந்தப் பை. பத்தொன்பதும் இருக்கு, தேதி வரிசையா அடுக்கிருக்கேன். வெளிய வர்றப்ப கேட்டுல என் சாப்பாட்டு டப்பாவத் தொறந்து பாத்தாங்க, பர்ஸ உதறிப் பாத்தாங்க. கோட்டு கைல மடிச்சுக் கிடந்துச்சு. சூப்பிரண்டுதான் தைச்சுட்டு வரச் சொன்னாருன்னேன். விட்டுட்டாங்க. திருட்டுதான். ஜெயிலுக்குள்ளேருந்து திருடிட்டு வந்த மொத ஆளு நானாத்தான் இருப்பேன்.

நாளைக்கு நானே எடுத்துட்டுப் போலாம்தான். எங்கள உள்ள விடறப்ப தலையிலேருந்து கால் வரைக்கும் தடவுவாங்க, வாசல்லயே பிடுங்கிருவாங்க. நீங்க செத்தவரோட அக்கா, ஜட்ஜு கூப்ட்டு வர்றவங்க, கைல இருக்கற காகிதத்தப் பறிக்க எவனுக்கும் தைரியம் வராது. உண்மையச் சொல்லணும்னா, அது மட்டும் இல்ல. இன்னிக்கு ராத்திரி இது என் வீட்ல இருந்தா விடியறதுக்குள்ள அடுப்புல போட்டுருவேனோன்னு பயமா இருக்கு. அவரு வேற பென்ஷன் பென்ஷன்னு புலம்பிட்டே இருப்பாரு. உங்ககிட்ட குடுத்துட்டா திருப்பிக் கேக்க முடியாதுல்ல.

எல்லாம் இருக்கான்னு பாத்துக்கங்க. பத்தொன்பதாவது மட்டும் உக்காந்து பாருங்க. நின்னுட்டுப் பாக்காதீங்க. மத்த பதினெட்டுலயும் மேல வாத்தியாரு நம்பரு இருக்கும். இதுல அவருக்கு எங்க சட்டம் பிடிபட்டுருச்சு. பக்கத்துல படுக்கறவருன்னு எழுதுனா நம்ப மாட்டாங்க, அவரே எழுதுன மாதிரி எழுதுனாத்தான் கூப்டுவாங்கன்னு. உங்க தம்பி நம்பர மேல போட்டுட்டு, எனக்கு மூச்சு முட்டுகிறது, என்னைக் காப்பாற்றுங்கள்னு எழுதிருக்காரு. அந்த நம்பரு உங்களுக்கு மனப்பாடமா இருக்கும், வாரா வாரம் ஜன்னல்ல நின்னு சொல்லிருப்பீங்க.

அது என் மேஜைக்கு வந்துச்சு. சரியான நம்பரு, சரியான நோயி. டாக்டர் பாக்கற கட்டுல வச்சிருந்தா பத்து மணிக்கு உங்க தம்பியக் கூப்ட்டிருப்பாங்க. அவரு போனது அதுக்கு மறுநாள் காலைலதான். எனக்கு அந்தக் கோணல் எழுத்து அடையாளம் தெரிஞ்சுது. அடடே, வாத்தியாரு நம்பர மாத்திப் போட்டு என்னையே ஏமாத்தப் பாக்கறாரு, நானா ஏமாறுவேன்னு ஒரு சிரிப்பு வேற வந்துச்சு. உங்க தம்பி நம்பர அடிச்சுட்டு வாத்தியாரு நம்பரப் போட்டேன். கீழ நடிப்புன்னு அந்த ஒரு வார்த்தைய எழுதி வாத்தியாரு ஃபைல்ல சொருகிட்டு, அடுத்த சீட்ட எடுத்துட்டேன்.

அடிச்ச கோடு சிவப்புல இருக்கும், பாருங்க. நாளைக்கு ஜட்ஜு, இது யாரு கைன்னு கேப்பாரு. நீங்க என்னக் காட்டுங்க. நான் அங்கயேதான் இருப்பேன், எந்திரிச்சு, என் கைதான்னு சொல்லுவேன். அதுக்குத்தான் கோட்டு. தோள்பட்ட முடிஞ்சுதாம்மா?